பபி அன்ரியின் முழுப் பெயர்

அடுத்தவர் வீட்டு வரிப் படிவத்தை நிரப்பிக் கொடுப்பவளுக்கு மார்ச் பிறந்ததும் சொந்தக்காரர் கூடிவிடுவார்கள். சனிக்கிழமைகளில் சுவிசில், லாங்கன்தாலில், என் சமையலறை மேசையைச் சுற்றி ஒரே கூட்டம். இந்த வேலையைச் செய்து பார்த்த பாவிகளுக்கு என் தலையிடி விளங்கும். சம்பளக் கடதாசி கொண்டுவருவார்கள், வங்கிக் கடதாசி கொண்டுவருவார்கள். பிள்ளை பார்க்கும் செலவை வரியில் கழிக்க, பார்ப்பவரிடம் ஒரு கடதாசி வாங்கி வரச் சொன்னால் மட்டும் ஆளாளுக்குக் கூரையைப் பார்ப்பார்கள்.

தபால் பெட்டி

சசி தொழிற்சாலையில் விடிகாலை வேலைக்காரர். பிள்ளையைப் பார்ப்பவரின் பெயரைக் கேட்டேன். "பபி அன்ரி" என்றார். முழுப் பெயர்? மனைவிக்குப் போன் போட்டார். அவருக்கும் பபி அன்ரிதான். சிரிக்க வாயெடுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. என் மகனும் அங்கேதான் வளர்கிறான், எனக்கும் தெரியாது!

அன்ரியின் தபால் பெட்டியைப் பார்த்து வரச் சசியை அனுப்பினேன். காலஞ்சென்ற கணவரின் பெயரும், விளம்பரம் போடவேண்டாம் என்ற ஒட்டுத்தாளும்தான் இருந்தனவாம். நேரே கேளுங்கோவன் என்றேன். மனுசன் பதறிப்போனார். கிற்றா என்கிற பிள்ளைகள் காப்பகம் திறக்கும் முன்பே எங்கள் வேலை தொடங்கிவிடும். அந்த நேரத்தில் கதவு திறக்க அன்ரியை விட்டால் வேறு ஆளில்லை. "கடதாசி கேட்டு அவ கோவிச்சா, திங்கக்கிழமை பிள்ளையைக் கொண்டுவந்து உங்கட மேசையிலதான் இருத்துவன் அக்கா."

தயிர்சாதம்

கார்த்திக் மதுரைக்காரர், பொறியியலாளர். மகள் கிற்றாவில். மின்னஞ்சல் போட்டதும் கடதாசி வந்துவிட்டது என்று பெருமையாக நீட்டினார். அதில் உள்ள சாப்பாட்டுச் செலவை மட்டும் கழிக்க முடியாது என்றேன். முகம் சுண்டிவிட்டது. மகள் அங்கே கரண்டியையே தொடுவதில்லையாம், வீட்டுக்கு வந்துதான் தயிர்சாதமாம். பபி அன்ரி வீட்டில் பிள்ளைகள் இடியப்பத்துக்குச் சண்டை பிடிப்பதை நான் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். கார்த்திக் பேனாவை மூடி வைத்தார். "அக்கா, உங்க பையன் இடம் காலியானா முதல்ல எனக்குச் சொல்லிடுங்க!"

முழங்கால் வலி

கேட்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அன்ரி தேத்தண்ணியும் ரோல்சும் வைத்தார். பனியைப் பற்றிக் கதைத்தேன், அவருடைய முழங்கால் வலியைப் பற்றிக் கதைத்தேன், பிறகு மறுபடியும் பனியைப் பற்றிக் கதைத்தேன். என் மகனோ அவர் மடியை விட்டு இறங்குவதாயில்லை. இந்த மடியைக் கெடுத்துக்கொள்ளப் போகிறேனே என்று பயமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கடதாசியையும் முழுப் பெயரையும் கேட்டுவிட்டேன்.

அன்ரி எழும்பி அறைக்குள் போனார். திங்கட்கிழமை சசியின் பிள்ளை என் மேசையில்தான் என்று முடிவே கட்டிவிட்டேன். அடையாள அட்டையோடு திரும்பி வந்தார். "ஞானசௌந்தரி. வடிவா எழுது பிள்ளை. இத்தனை வருசத்தில ஒருத்தரும் கேக்கேல்லை எண்டு எனக்கு எவ்வளவு மனவருத்தம் தெரியுமோ?"

பிள்ளைகள் எத்தனை?

எல்லாருக்கும் கடதாசி கொடுத்தால் அன்ரியும் தன் வருமானத்தைக் காட்டவேண்டும். அது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. அடுத்த சனிக்கிழமை ரோல்ஸ் பெட்டியோடு அவரே என் மேசைக்கு வந்துவிட்டார். பிள்ளைகள் எத்தனை என்ற இடம் வந்தது. அவருக்குப் பிள்ளை இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். கேட்க மனம் வராமல் மெல்லத் தாண்டப் பார்த்தேன். அன்ரி விரலை வைத்து மறித்தார். ஏழு என்று போடச் சொன்னார். சொந்தப் பிள்ளைகளைத்தான் கேட்கிறார்கள் அன்ரி என்று இழுத்தேன். "அப்ப விடியக்காலமை என்ர கதவைத் தட்டுறதுகள் ஆற்றை பிள்ளையள்?"

இந்த ஊரில் ஏழு பிள்ளைகளுக்கு வரிக்கழிவு கேட்க முழு நியாயம் உள்ள ஒரே ஆளுக்கு என் கையாலேயே பூச்சியம் என்று எழுதிவிட்டு, அவர் கொண்டுவந்த ரோல்சையும் வெட்கமில்லாமல் சாப்பிட்டேன்.