நெரிடாவின் பாதி

நெரிடா பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். ஐம்பத்தெட்டு வயது. டாஸ்மேனியாவின் கீவ்ஸ்டனில், மலைச்சாலையில் இருபத்திரண்டு வருடமாக ஒரு பிள்ளைக்கும் கீறல் படாமல் கொண்டுபோய்க் கொண்டுவந்தவள். பீர் காய்ச்சுவதில் மட்டும் அந்த நல்ல பெயர் கிடைக்கவில்லை. போன வருடம் ஊர்த் தீயணைப்புத் தொண்டர்களின் விருந்துக்கு அவள் காய்ச்சியது புளித்துப்போய், புல்தரையில் கொட்டும்படி ஆயிற்று. அன்றிலிருந்து அங்கே யார் பொரித்த மீனுக்கு வினிகர் கேட்டாலும், "நெரிடாவைக் கேளு" என்பார்கள்.

இந்த வருடம் பக்கத்து வீட்டு டார்சியோடு கூட்டுச் சேர்ந்தாள். வெள்ளிக்கிழமை காலைப் பேருந்து ஓட்டம் முடிந்ததிலிருந்து அவன் கொல்லையில், முளைகட்டி உலர்த்திய பார்லியான மால்ட்டில் எண்பது லிட்டர் சாறு காய்ச்சி, ஆளுக்கு நாற்பதாக இரண்டு டிரம்மில் பிரித்துக்கொண்டார்கள். ஒரே சாறு, ஈஸ்ட் மட்டும் அவரவர் இஷ்டம்.

டிரம்மைத் தன் ஷெட்டில் இறக்கியபோது மணி இரண்டரை. பேருந்துக்கு நேரமாகிவிட்டது. தொட்டால் டிரம் இன்னும் வெதுவெதுவென்றிருந்தது. ஆறவிட்டுச் சாயங்காலம் ஈஸ்ட் போட்டிருக்கலாம். அவசரத்தில் போட்டு மூடிவிட்டு ஓடினாள்.

சனிக்கிழமை காலையிலேயே டார்சி வேலிக்கு மேல் தலையை நீட்டினான்.

"என்னுது கொதிக்கிற மாதிரி குமிழி விடுது. உன்னுது?"

"விடுது, விடுது."

விடவில்லை. காற்று குமிழியாக வெளியேற மூடியில் செருகிய குழாயில் தண்ணீர் அசையாமல் நின்றது. ஞாயிறும் அப்படியே. சூட்டில் ஈஸ்ட்டைக் கொன்றுவிட்டோம் என்று நினைக்க நினைக்க நெரிடாவுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. டார்சியோடு சேர்ந்து மூட்டை தூக்கி, மால்ட் அரைத்து, அவன் அடுப்பில் காய்ச்சிய சாறாயிற்றே அது!

திங்கள்கிழமை காலைப் பேருந்து ஓட்டத்தை முடித்ததும் நேரே அவன் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"டார்சி, பொய் சொல்லிட்டேன். ஒரு குமிழிகூட வரல. சூடா இருக்கும்போதே ஈஸ்ட்டைப் போட்டுட்டேன்."

டார்சி அவளை ஏற இறங்கப் பார்த்தான். "மூணு நாளா இதையா முழுங்கிட்டு இருந்த? வா, பாப்போம்."

அவள் ஷெட்டில், டிரம்மின் அடிக்குழாயைத் திறந்து ஒரு நீளக் கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் பிடித்து, அடர்த்தி பார்க்கும் மிதவையை உள்ளே விட்டான். வெள்ளிக்கிழமை உயரத்தில் நின்ற மிதவை இப்போது ஆழமாக இறங்கி நின்றது. சர்க்கரையில் பாதிக்குமேல் தீர்ந்திருந்தது.

"அடி பாவி! இது ஜோரா பொங்கிட்டுத்தான் இருக்கு."

"அப்ப குமிழி எங்க போச்சு?"

அவன் மூடியை விரலால் அழுத்தினான். ஓரத்தில் ரப்பர் வளையம் முறுக்கிக்கொண்டு வெளியே பிதுங்கியிருந்தது. காற்று முழுக்க அந்த இடுக்கு வழியாகவே போயிருக்கிறது.

நெரிடா அங்கிருந்த மால்ட் மூட்டைமேல் பொத்தென்று உட்கார்ந்தாள். சிரித்தாள்; கண்ணில் தண்ணீர் வந்தது.

"கெட்டுப்போயிருக்காதே?"

"இந்தா, குடிச்சுப் பாரு."

நுரையில்லை, இன்னும் தித்திப்புதான். ஆனால் அந்தத் தித்திப்புக்கு அடியில் சுட்ட ரொட்டியின் மணம் தெளிவாக இருந்தது. புளிப்பு துளியும் இல்லை. மிச்சத்தை டார்சி ஒரே மடக்கில் குடித்துவிட்டு வாயைத் துடைத்தான்.

"என்னுதைவிட நல்லா இருக்கு. வெளிய சொல்லிடாத."

"போடா, இன்னிக்கே ஊர் பூரா சொல்லுவேன்" என்றாள். மூன்று நாளில் முதல்முறையாக அவளுக்குப் பசித்தது.