ஜூலையில் பழுக்கும் மரம்

சூலா ஆற்றங்கரையில் எங்கள் ஊரில் முதலில் பழுப்பது மோத்ரியாவின் மரம்தான். பாப்பிரோவ்கா என்ற பழைய ஆப்பிள் ரகம். ஜூலை நடுவிலேயே ஆப்பிள்கள் காகிதம்போல வெளுத்துவிடும். கட்டைவிரல் அழுத்தினால் அந்த இடம் கறுத்துப்போகும். ஆகஸ்டில் ஆப்பிள் திருநாளன்று பாதிரியார் பழங்களை ஆசீர்வதிக்கும்போது அவள் மரம் மொட்டையாக நிற்கும்.

பிள்ளையைப் பறிகொடுத்த தாய் அந்தத் திருநாளுக்கு முன் ஆப்பிள் தின்னக் கூடாது. தின்றால், மேலுலகில் எல்லாக் குழந்தைகளுக்கும் ஆப்பிள் கொடுக்கும்போது அவள் குழந்தையிடம் மட்டும், "உன் பழத்தைப் பன்றி தின்றுவிட்டது" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். மோத்ரியாவின் மகள் உஸ்தியா நான்கு வயதில் காய்ச்சலில் போனாள். அதிலிருந்து மோத்ரியா தன் மரத்துப் பழத்தை வாயில் வைத்ததில்லை. காதருகே குலுக்கி, விதை சத்தம் கேட்டால் பறிப்பாள். எல்லாம் மற்றவர்களுக்கு.

அவள் கணவனின் தங்கை ஒதார்காவுக்கு இது வேடிக்கை.

ஒரு ஜூலையில் புல் அறுப்பு முடிந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். ஒதார்கா கொழுக்கட்டை அவித்து, மேலே புளித்த பாலேடு ஊற்றிக் கொண்டுவந்தாள்.

"பாலாடைக்கட்டி வச்சது அண்ணி. சூடா தின்னு."

மோத்ரியா பசியில் முதல் கொழுக்கட்டையை மெல்லாமலே விழுங்கினாள். இரண்டாவதைக் கடித்ததும் அவள் தாடை நின்றது.

"உன் மரத்துப் பழம்தான்! எப்படி இருக்கு?"

மேசைக் கோடியில் யாரோ பன்றிபோல் உறுமினார்கள். சிரிப்பு அடங்கச் சற்று நேரமானது.

"முதல்ல தின்னதுலயும் இதுதானா?"

"எல்லாத்துலயும்தான். வானம் இடிஞ்சா விழுந்துச்சு?"

மோத்ரியா வேலியோரம் போய், தொண்டைக்குள் விரலை விட்டு வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். "வெளிய வந்துட்டா கணக்குல சேராதுல்ல?" என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக் கேட்டாள். உண்மையாகவே கேட்டாள்.

"பல்லு பட்டாலே போச்சு அண்ணி," என்றாள் ஒதார்கா. மறுபடியும் சிரித்தார்கள்.

திருநாளன்று மோத்ரியா கோவிலுக்கு வரவில்லை.

அடுத்த ஜூலையில் மரம் நன்றாகக் காய்த்தது. மோத்ரியா மரத்தடியில் நின்றபடியே ஒரு பழத்தைத் தோலும் விதையுமாகத் தின்றுகொண்டிருந்தாள். ஒதார்கா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"அடிப்பாவி! திருநாளுக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கே!"

"இனிமே யாருக்காகக் காத்திருக்கணும்?" என்ற மோத்ரியா, அடுத்த பழத்துக்காகக் கிளையை வளைத்தாள்.