நான் போட்ட டிக்

போன வாரம் எல்லோருக்கும் ஹால் டிக்கெட் வந்துவிட்டது. செல்விக்கு வரவில்லை. நேராக என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை... திட்டவில்லை.

வலியசாலையில் எங்கள் தெருமுனை டிபன் ஹோட்டலில் தோசை வார்ப்பவள் செல்வி. நாங்குநேரிக்காரி, மலையாளக் கரைக்குப் பிழைக்க வந்தவள். அஞ்சல் வழியில் பி.ஏ. இரண்டு வருடம் பாஸ், இது கடைசி வருடம். ஒரு ஸ்கூல் ஹாஸ்டலில் வார்டன் வேலை பேசி வைத்திருந்தாள். ஜூனுக்குள் டிகிரி வேண்டும் என்பது கண்டிஷன்.

சேரும்போது போனை நீட்டிக் கேட்டாள். "சாரே, இந்த வருஷம் புதுசா ரெண்டு காட்டுது. லைவ் கிளாஸா, இல்ல ரெக்கார்ட் பண்ணுனத நம்ம சௌகரியம்போல பாக்கதான்னு. எதாக்கும் நல்லது?"

என்னிடம் ஒருவர் யோசனை கேட்டால் போதுமே! "லைவ்தாம்மா. வாத்தியார் எதிர்ல இருந்தாத்தான் டிசிப்ளின் வரும். ரெக்கார்டை எவன் பார்ப்பான்?" பிரசங்கம் முடிந்ததும் டிக்கையும் நானே போட்டேன். காசு கட்டி வாங்கிய யோகா கோர்ஸில் முதல் வீடியோவைத் தாண்டாதவன் நான். என் சோம்பேறித்தனத்துக்கான மருந்தை அவளுக்குக் கொடுத்திருக்கிறேன்.

லைவ் கிளாஸ் மாலை ஏழு மணிக்கு. ஹோட்டலில் கூட்டம் அள்ளுவதும் ஏழு மணிக்குத்தான். எனக்குத் தெரியாதா? தினமும் அந்நேரம் அங்கே உட்கார்ந்து நெய் ரோஸ்ட் தின்பவனே நான்தானே!

கிளாஸ் நடுவே திரையில் ஒரு பட்டன் வருமாம். ஒரு நிமிடத்துக்குள் அமுக்கினால்தான் அட்டெண்டன்ஸ். போனை மாவுப் பாத்திரத்தில் சாத்தி வைத்துப் பாடம் கேட்டிருக்கிறாள். கையெல்லாம் மாவு. கழுவித் துடைப்பதற்குள் பட்டன் போய்விடும். வருடம் முழுக்கப் பாடம் கேட்டவள், அவர்கள் பதிவில் பாதி நாள் ஆப்சென்ட்! லைவில் அட்டெண்டன்ஸ் குறைந்தால் ஹால் டிக்கெட் கிடையாதாம்; ரெக்கார்டுக்கு அந்த விதியே இல்லையாம்.

"ஆபீஸ்ல போய்ச் சொன்னியா?"

"சொன்னேன் சாரே. சிஸ்டத்துல இல்லேன்னா ஒண்ணும் செய்யான் பற்றில்லா, முடியாதுன்னு மலையாளத்துல சொல்லிட்டாங்க."

"ஹாஸ்டல் வேலை?"

"காலைல போன் பண்ணேன். வேற ஆள் பாத்துக்கிடுதோம்னுட்டாங்க."

உள்ளேயிருந்து என் மனைவி வந்தாள். "அவளுக்கு எத்தனை மணிக்குக் கை ஒழியும்னு ஒரு வார்த்தை கேட்டேளா?"

கேட்கவில்லை. லைவ் ஒசத்தியா, ரெக்கார்ட் ஒசத்தியா என்று மணிக்கணக்கில் பேசச் சொல்லுங்கள், பேசுவேன். படிக்கிறவளின் பொழுது எப்படிப் போகிறது என்று விசாரிக்க மட்டும் எனக்கு வாய் வரவில்லை. படித்தவன் என்ற திமிர், வேறென்ன?

"அடுத்த வருஷம் திரும்பக் கட்டி எழுதிடு செல்வி. ஃபாரம் நான்..." என்று இழுத்தேன்.

"வேண்டாம் சாரே. டிக்க நானே போட்டுக்கிடுதேன்." போனில் மணி பார்த்தாள். "ஏழாகப் போவுது, கடைக்குப் போணும். நெய் ரோஸ்ட்டுக்கு வருவீங்கல்லா?"

போகவில்லை. வீட்டில் உப்புமா.