இரண்டு டிப்பர் கசடு

கம்பெனிக்காரர்களைத் திட்டுவதில் எங்கள் டீக்கடையில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் ஆலையொன்றில் இருபது வருடமாகச் சம்பளம் வாங்கிக்கொண்டே, "ஏரியெல்லாம் இவனுங்களாலதான் நாசமாப் போச்சு" என்று முழங்குவேன். அதே வாயால் இதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். போன மழைக்காலத்தில் எங்கள் ஊர் ஏரிக்கு வரும் தண்ணீரை அடைத்தவன் நான்தான்.

அந்த ஏரி லேசுப்பட்டதல்ல. ஒரு பக்கம் புகைபோக்கிகள், இன்னொரு பக்கம் எளாவூர் செக்போஸ்ட்டைப் பார்த்து ஓடும் லாரிகள், நடுவில் அது பாட்டுக்குக் கிடக்கும். ஐப்பசி மழை ரோட்டையும் மேட்டையும் கழுவிக்கொண்டு வரத்துக்கால்வாயில் இறங்கும்போது தண்ணீர் டீ நிறத்தில் இருக்கும். கால்வாய் ஏரியில் சேரும் இடத்தில் பெரிய கோரைக்காடு ஒன்று உண்டு. அதற்குள் நுழைந்து மறுபக்கம் வருவதற்குள் சேறு தங்கி, தண்ணீர் தெளிந்துவிடும். மோட்டார் இல்லை, ஆபரேட்டர் இல்லை. எங்கள் ஆலையில் தண்ணீரைச் சுத்தம் செய்ய வைத்திருக்கும் மெஷின் வாரத்தில் இரண்டு நாள் ரிப்பேர். கோரைக்குள் நீர்க்கோழி குஞ்சுகளோடு திரியும். தை மாதம் நத்தைகுத்தி நாரைகள் வந்து, சேற்றில் அலகை விட்டு ஒவ்வொரு நத்தையாக எடுத்துத் தின்னும். ஷிஃப்ட் முடிந்து திரும்பும்போது பைக்கை நிறுத்திக் கொஞ்ச நேரம் பார்க்காமல் நான் வீட்டுக்குப் போனதே இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு அழகு.

என் மனைவிக்கு அது வேடிக்கை பார்க்கிற இடமல்ல. ஏரிக்குக் கீழே எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் இருக்கிறது. பேருக்குத்தான் அது என் நிலம். நாற்று விடுவதிலிருந்து அறுப்பு வரை எல்லாம் அவள்தான். ஏரி நிறைந்தால் நவரைப் பட்டத்துக்கு நெல் போடலாம், நிறையாவிட்டால் நிலம் தரிசு.

நான் வேலைக்குப் போகும் குறுக்குவழி வரத்துக்காலைத் தாண்டிப் போகும். மழை வந்தால் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு பைக்கைத் தள்ளவேண்டும். எங்கள் தெருவிலிருந்து போகிற பத்துப் பேருக்கும் இதே பேஜாரு. எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம். பள்ளம் என்று ஒன்றைப் பார்த்துவிட்டால் எங்களுக்குக் கை சும்மா இருக்காது. உலையில் இரும்பு உருகும்போது மேலே மிதக்கிற கசடு, ஆறினால் கல்லாகிவிடும். யாராவது அள்ளிக்கொண்டு போனால் போதும் என்று ஆலையில் காத்திருப்பார்கள். வீட்டு மனை, கோயில் பின்புறம், சர்ச் மைதானம் என்று எல்லாவற்றையும் அதைப் போட்டுத்தான் மேடாக்கினோம். ஐப்பசி பிறப்பதற்கு முன்னால் நானே சூப்பர்வைசரிடம் பேசி இரண்டு டிப்பர் வரவழைத்து, கால்வாயின் குறுக்கே கொட்டினேன்.

"தண்ணி எப்டிண்ணா போவும்?" என்று ஒருத்தன் கேட்டான்.

"அதான் பைப் போடறோம்ல?" என்று ஒரே ஒரு சிமென்ட் பைப்பைப் பதித்தேன். எல்லோரும் என் முதுகில் தட்டினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மழை வந்தது. சுற்றுவட்டார ஏரிகளெல்லாம் ததும்பின. எங்கள் ஏரியில் கணுக்கால் அளவுதான். என் மனைவி கொட்டுகிற மழையில் கால்வாயோரமாகவே நடந்துபோய்ப் பார்த்துவிட்டு, தொப்பலாக வந்து நின்றாள்.

"யோவ், இன்னா வேல பண்ணி வச்சிக்கீற நீ?"

"இன்னாம்மே?"

"பைப்புல பிளாஸ்டிக்கும் செடியும் அடச்சிக்கினு கீது. தண்ணி மொத்தமும் ரோட்டாண்ட திரும்பி ஓடுது. கோரைக்குள்ள வெறும் தரை. நாய்ங்க நீர்க்கோழி முட்டயத் தின்னுக்கினு திரியுது."

"பைப்பை க்ளீன் பண்ணா சரியாப் பூடும்."

"நாளைக்கி மறுபடி அடைக்கும். மழ உனக்காவ காத்துக்கினு கீதா?"

"பத்து பேரு போற வழிமே அது!" என்று நானும் கத்தினேன்.

"அந்தப் பத்து பேரையும் கூட்டியா."

நான் நகரவில்லை. வறட்டு ரோஷம். அவளே கையில் மண்வெட்டியோடு வீடு வீடாகப் போனாள். கெஞ்சவுமில்லை, திட்டவுமில்லை. "ஞாயித்துக்கெழமை காலைல வந்துடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாளாம். பத்துப் பேரும் கடப்பாரையோடு வந்து நின்றபோது எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

நனைந்த கசடு ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு பாறையாகியிருந்தது. கடப்பாரை பட்ட இடத்தில் பொறி பறந்தது. இரண்டு நாள் ஆயிற்று. இடுப்பளவுத் தண்ணீரில், நடுவில் நின்று கசடைச் சட்டி சட்டியாக வாங்கிக் கரையேற்றியவள் அவள்தான். அன்றுவரை அவள் வேலை செய்து நான் முழுதாகப் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அப்படி ஒரு நிதானம், அப்படி ஒரு பலம்! கடைசிக் கட்டி பெயர்ந்ததும் தண்ணீர் குபுகுபுவெனப் பாய்ந்தது. நாங்கள் விசிலடித்தோம். அவள் தண்ணீர் கூடவே கோரைக்காடு வரை ஓடி, அது உள்ளே போவதைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினாள்.

தோண்டியதையெல்லாம் டிராக்டரில் ஏற்றியாயிற்று. "எங்கண்ணா கொட்டறது?" என்றார் டிரைவர். ஆலைக்குப் போன் போட்டேன். வெளியே போனது உள்ளே வராது என்று சொல்லிவிட்டார்கள்.

"ஸ்டேஷனாண்ட ஒரு பள்ளம் கீதே?" என்றேன்.

"அது குட்டை. ஆடுமாடு தண்ணி குடிக்குது" என்றாள் அவள்.

"சுடுகாட்டுக்குப் பின்னால?"

"அது பக்கத்து ஊரு ஏரிக்குப் போற கால்வா."

நான் சொன்ன ஒவ்வொரு பள்ளமும் யாருடைய தண்ணீராகவோ இருந்தது. இருபது வருடம் அந்த வழியாகவே போய்வந்தவன் நான், எல்லாம் காலி இடம் என்றல்லவா நினைத்திருந்தேன்!

அவள் டிரைவரைப் பார்த்து, "எங்க ஊட்டு வாசல்லயே கொட்டுங்க" என்றாள். நான் டிராக்டருக்கு முன்னால் பைக்கை விட்டேன்.

மழை இன்னும் மூன்று வாரம் பெய்தது. ஏரி முக்கால்வாசி நிறைந்தது, நவரை நட்டோம். தையில் நாரைகளும் வந்து இறங்கின. வாசலில் ஆளுயரக் குவியல் அப்படியே கிடக்கிறது. அதன்மேல் புல்கூட முளைக்கவில்லை. வெயிலில் வீட்டுக்குள்வரை அனல் அடிக்கிறது. தினமும் பைக்கை அதைச் சுற்றித்தான் தள்ளிக்கொண்டு போகிறேன். போன வாரம் பொறுக்க முடியாமல், "இத எடுத்துடலாமே?" என்றேன்.

அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டாள்: "சரி. எங்க கொட்டுவ, சொல்லு."