கதவுக்குள் இருந்த தண்ணீர்

நான் எங்கேயும் அதிகம் பேசமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லாரும் மாதா கோவில் வாசலில் கூடி நின்று பேசும்போது, நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தூண் ஓரமாக நிற்பேன். மேனாம்பேட்டில் ஒரே தெருவில் இத்தனை வருஷமாக இருக்கிறோம். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு என் குரல் எப்படி இருக்கும் என்று தெரியுமா என்பதே சந்தேகம். பள்ளிக்கூடம் போனது ஐந்தாவது வரைக்கும்தான். அங்கேயும் டீச்சர் ஏதாவது கேட்டால், பதில் தெரிந்தாலும் இல்லை என்று தலையை ஆட்டிவிடுவேன். அந்தத் தலையாட்டல் வயதான பிறகும் என்னைவிட்டுப் போகவில்லை.

எங்கள் வண்டியில் மட்டும் பேசுவேன். அதுவும் கத்திப் பேசுவேன்.

அது பழைய பிக்கப் வண்டி. என் வீட்டுக்காரர் அம்பத்தூரில் ஒரு பிரெஸ் கம்பெனியில் தகரம் அடிக்கிற மெஷினில் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகு, யாரோ ஓட்டித் தேய்த்துவிட்டிருந்த வண்டியை வாங்கினார். பூந்தமல்லிப் பக்கத்து நர்சரிகளில் பூச்செடிகளை ஏற்றிக்கொண்டு ஆவடி, திருமுல்லைவாயில், அம்பத்தூர் என்று வீடு வீடாக இறக்குவோம். அவர் ஓட்டுவார். நான் செடிகளுக்குத் துணை. வேகத்தடை வரும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால் இருக்கிற சின்னக் கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்ப்பேன். அத்தனை செடிகளும் ஒரே நேரத்தில் தலையசைத்துவிட்டு அமைதியாகும். எனக்குப் பதில் சொல்வது போல இருக்கும்.

வண்டி போடும் சத்தம் கொஞ்சநஞ்சம் இல்லை. எஞ்சின் காலடியிலேயே உறுமும். கதவுத் தகரம் நடுங்கும், கண்ணாடி தடதடக்கும். அந்தச் சத்தம் எனக்கு ஒரு திரை மாதிரி. திரைக்குப் பின்னால் இருந்தால் யார் வேண்டுமானாலும் பேசலாம். விடியற்காலையில் கண்ட கனவைக்கூட அவரிடம் சொல்வேன். கனவில் எங்கள் தெருவில் தண்ணீர் நிறைந்திருக்கும், வீடுகள் படகு மாதிரி மெல்ல நகர்ந்து போகும், ஜன்னல்களில் இருந்து எல்லாரும் ஒருவருக்கொருவர் கை காட்டிக்கொண்டிருப்பார்கள். இதையெல்லாம் கத்திச் சொல்வேன்.

"இன்னாமே?" என்பார் அவர். எதைச் சொன்னாலும் முதல் தடவை அவருக்குக் கேட்காது.

"ஊடுங்கலாம் மெதக்குதுங்க!"

"எங்க?"

"கனாவுல!"

"நம்ம ஊடு எந்தப் பக்கம் போச்சு?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அவருக்குக் காது பிரச்சினை வந்தது. மெஷின் சத்தமும், ஜன்னல் ஓரத்து ஹாரன் சத்தமும் சேர்ந்து வலது காதைத் தின்றுவிட்டன. டாக்டர் பார்த்துவிட்டு, வலது பக்கம் போனது போனதுதான், மிச்சம் இருக்கிற இடது காதை இரைச்சலில் வைக்காதீர்கள் என்றார். ஒரே காதால் கேட்டால் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று புரியாது என்றார். காதுக்குள்ளேயே ஏதாவது சத்தம் கேட்க ஆரம்பித்தால் உடனே வரச் சொன்னார்.

மகள் போனில் கேட்டுவிட்டு, வண்டியை விற்றுவிடுங்கள் என்று சொல்லிவிட்டாள். அவர் இரண்டு நாள் யோசித்தார்.

"வண்டிய வாய மூட வெச்சி பாப்பம்" என்றார். "அப்பவும் காதுக்கு ஒத்துவரலன்னா குட்த்துருலாம். இன்னா சொல்ற?"

வண்டி போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அவர் டி.வி. முன்னால் உட்காருவார், நான் அடுப்படியில் நிற்பேன். நடுவில் ஒரு சுவர் இருக்கும். கனவை யாரிடம் சொல்வது?

பூந்தமல்லி பஸ் நிலையத்துக்குப் பின்புறச் சந்தில், வண்டிகளுக்குப் பாட்டு செட் மாட்டி, உள்ளே சத்தம் வராமல் அடைத்தும் தருகிற கடை ஒன்று இருக்கிறது. மெட்ரோ தூணின் நிழல் மத்தியானம்வரை அந்தக் கடைமேல் விழுந்துகிடக்கும். கடைக்காரருக்கு நாற்பது வயது இருக்கும். வாய் ஓயாத மனிதர்.

"நைனா, இது வண்டியா, வாணலியில கடுகு வெடிக்கிற சத்தமா? வுடு, நம்ம கைல வந்துருச்சில்ல. ஊடு மாரி ஆக்கித் தரேன்."

"எங்க ஊட்ல அமைதிலாம் கெடயாதுப்பா" என்றார் இவர்.

"யம்மாவப் பாத்தா அப்டி தெர்லியே. வாயே தொறக்கல."

"வண்டில ஏறட்டும். அப்பால பாரு."

நான் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு தூணைப் பார்த்தேன்.

வேலை இரண்டு நாள் நடந்தது. சீட்டைக் கழற்றி வெளியே வைத்தார்கள். கதவின் உள்பக்கத்தைத் திறந்தார்கள். இத்தனை வருஷம் நான் சாய்ந்து வந்த கதவுக்குள் வெறும் தகரமும் இருட்டும்தான் இருந்தன. ஒரு பக்கம் வெள்ளியும் மறுபக்கம் கரிய பிசினுமாக இருக்கிற ஷீட்டை வெட்டி, சூடு காட்டி, கதவிலும் தரையிலும் கூரையிலும் எஞ்சினுக்கும் எங்கள் காலுக்கும் நடுவில் இருக்கிற தகரத்திலும் கடைக்காரர் ஒட்டினார். காற்றுக் கொப்புளம் இல்லாமல் உருளையால் அழுத்தித் தேய்க்க வேண்டும். அவரிடம் ஒரே ஒரு உருளைதான் இருந்தது. சும்மா உட்கார்ந்து பார்க்க எனக்குக் கை அரித்தது. மறுநாள் வீட்டிலிருந்து சப்பாத்திக் கட்டையை எடுத்துப் போனேன்.

"யம்மோவ்! இத்தயா எட்துகினு வந்துகீறீங்க?" என்று கடைக்காரர் துள்ளினார். "நைனா, ஓரமா நில்லு. வேலைய ஒயுங்கா பாக்கலன்னா உனக்குதான் வுயும்."

"எனக்கு பழக்கம்தான். நீ ஜாக்கிரதையா இரு" என்றார் இவர்.

என் பக்கத்துக் கதவு முழுவதையும் நானே தேய்த்தேன். மாவு விரிவது போலவே அந்த ஷீட்டும் தகரத்தோடு படிந்தது. கடைக்காரர் விரல் மடக்கித் தட்டிக் காட்டினார். முன்பு டங் என்று கேட்டது. இப்போது டொக் என்றது, தலையணையைத் தட்டுவது போல. எனக்கு அது பிடித்துப்போயிற்று. வண்டியைச் சுற்றி வந்து எல்லா இடத்தையும் தட்டித் தட்டிக் கேட்டேன்.

அவர்கள் இருவரும் டீ குடிக்கப் போன நேரத்தில்தான் அதைச் செய்தேன். ஷீட்டில் துண்டுகள் மிஞ்சிக் கிடந்தன. என் கதவின் அடி விளிம்பில், சட்டையின் காஜா மாதிரி இரண்டு ஓட்டைகள் தெரிந்தன. சத்தம் நுழைகிற வழி இதுதான் என்று நினைத்தேன். இவ்வளவு ஒட்டிவிட்டு இதை மறந்துவிட்டார்களே என்று, மிச்சத் துண்டை அளவாகக் கிழித்து இரண்டையும் அடைத்து, கட்டையின் கைப்பிடியால் நன்றாக அழுத்தினேன். யாரிடமும் சொல்லவில்லை. எனக்கென்று ஒரு சின்னப் பெருமை இருந்தது.

கதவுக்கு ஒன்றாக இரண்டு புது ஸ்பீக்கர், முன்னால் ஒரு புது செட், கதவைச் சுற்றிப் புது ரப்பர். மாலை வெயிலில் கிளம்பினோம்.

அந்த முதல் பயணத்தை எப்படிச் சொல்வது? கண்ணாடியை ஏற்றியதும் பூந்தமல்லி எங்கோ தூரத்துக்குப் போய்விட்டது. பஸ்கள் வாயைத் திறந்தன, குரல் வரவில்லை. மண் லாரிகள் பூனை மாதிரி நடந்தன. மெட்ரோ வேலை நடக்கிற இடத்தில் ஒரு ஆள் இரும்பை ஓங்கி அடித்தான். பஞ்சில் அடித்தது போல வந்து சேர்ந்தது. அவர் செட்டில் ஒரு பழைய பாட்டு வைத்தார். சின்ன வயதிலிருந்து கேட்ட பாட்டுதான். ஆனால் இரண்டு வரிகளுக்கு நடுவில் பாடுகிற அம்மா மூச்சு வாங்கியது அன்றைக்குத்தான் கேட்டது. அவ்வளவு வருஷமும் அந்த மூச்சு அங்கேயே இருந்திருக்கிறது. பாட்டு முடிந்ததும் முன்கண்ணாடியில் தொங்குகிற ஜெபமாலை டிக் டிக் என்று கண்ணாடியில் மோதியது. யாரோ கண்ணை மூடிக்கொண்டு எங்களுக்காக மணி உருட்டுவது போல.

எனக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. ஆனால் வாய் வரவில்லை. திரையை எடுத்துவிட்டார்கள். அந்த அமைதியில் என் குரல் எப்படி விழும் என்று பயமாக இருந்தது. அன்றைக்குப் பேசவில்லை, மறுநாளும் பேசவில்லை. ஒரு வாரம் ஓடிவிட்டது. நான் பாட்டில் மயங்கியிருக்கிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அப்புறம் மழை வந்தது. ஒரு ராத்திரியும் பகலும் விடாமல் பெய்தது. மழை விட்டதும் செடி ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். முதல் வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியபோது, சளப் என்று ஒரு சத்தம். பிரேக் போட்டால் சளப். திரும்பினால் சளப். குளத்தில் யாரோ கால் நனைப்பது போல.

என் முழங்கால் கதவில் பட்டது. கதவு சில்லென்று இருந்தது. அந்தக் கணமே எனக்குப் புரிந்துவிட்டது. கண்ணாடி ஓரமாகக் கதவுக்குள் இறங்குகிற மழைநீர் கீழே வழிவதற்காக வைத்த ஓட்டைகள் அவை. அவற்றைத்தான் நான் அடைத்திருக்கிறேன். தண்ணீர் உள்ளே நின்றுவிட்டது, அதற்கு மேலே ஒரு சாண் உயரத்தில் புது ஸ்பீக்கர்.

"தண்ணி சத்தம் வருதே" என்று அவர் என் பக்கம் திரும்பினார். "உனக்கு கேக்குதா?"

நான் இல்லை என்று தலையை ஆட்டினேன்.

ஏன் ஆட்டினேன் என்று இன்றுவரை தெரியவில்லை. யார் என்ன கேட்டாலும் முதலில் ஆடுகிற தலை, ஆடிவிட்டது. அதன் பிறகு மாற்றிச் சொல்ல வெட்கம்.

அவர் வண்டியை நிறுத்தி இறங்கினார். பானெட்டைத் திறந்து பார்த்தார். பின்னால் போய்த் தொட்டிகளை நகர்த்திப் பார்த்தார். எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றுதான் அவருக்குத் தெரியாதே. வண்டி நின்றால் சத்தமும் நின்றுவிடும். திரும்பி ஏறும்போது அவர் முகத்தில் எதுவும் இல்லை. அந்த நாள் முழுக்கப் பாட்டு வைக்கவில்லை. இடது காதைச் சுண்டுவிரலால் அடிக்கடி அழுத்திக்கொண்டார்.

மறுநாள் காலை, ஆவடிக்குப் போகிற வழியில் பருத்திப்பட்டு ஏரி வந்தது. ஏரிமேல் வெள்ளையாகப் பனி. தண்ணீர் எது, வானம் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. என் கனவுக்குள் வண்டி ஓட்டிப் போவது போலவே இருந்தது. அவர் மெதுவாகச் சொன்னார், மழை வரும் என்று சொல்வது போல.

"இந்தக் காதும் போவுதுமே. உள்ளயே தண்ணி ஊத்துற மாரி சத்தம். உனக்கு கேக்கல, எனக்கு மட்டும் கேக்குது. டாக்டர் சொன்னாரே, அதான். இன்னிக்கி செடிங்கள எறக்கிட்டு வண்டிய குட்த்துருலாம். ஒரு நா இல்ல ஒரு நா வுடவேண்டிதானே."

ஒரு லாரி வரட்டும், அந்த இரைச்சலுக்குள் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தேன். லாரி வந்தது. புது ரப்பர் அதை ஒரு பெருமூச்சாக்கி அனுப்பிவிட்டது. மறுபடி ஜெபமாலை டிக் டிக் என்றது. ஒளிந்துகொள்ள இடமே இல்லை.

"எனக்கும் கேக்குதுங்க" என்றேன்.

வெறும் காற்று மாதிரிதான் வந்தது என் குரல். இரண்டாம் தடவை சொல்லத் தயாராக வாயைத் திறந்தே வைத்திருந்தேன். அவர் "இன்னாமே?" என்று கேட்கவில்லை. வண்டியை ஓரம் கட்டினார்.

"இன்னா கேக்குது?"

"தண்ணி. காதுல இல்ல. இந்தக் கதவுல. நான்தான் கீய கீற ஓட்டைய அடைச்சிட்டேன். நேத்தே தெரியும். சொல்லல."

அவர் இறங்கிச் சுற்றி வந்து என் கதவைத் திறந்தார். அதைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டி, இடது காதைக் கதவோடு ஒட்டிவைத்துக் கேட்டார். சளப் சளப். அவர் கண்ணை மூடிக்கொண்டார். கோவிலில் நற்கருணை வாங்கிவிட்டு வரும்போது இருக்குமே, அந்த மாதிரி முகம்.

செடிக் கயிறு அறுக்கிற கத்தியால் நான் ஒட்டியதை நெம்பி எடுத்தார். தண்ணீர் இரண்டு கம்பியாக இறங்கியது. இவ்வளவு தண்ணீரா என்று பயந்துபோனேன். அவர் பின்னால் போய் ஒரு மல்லித் தொட்டியைத் தூக்கி வந்து அதற்கடியில் வைத்தார். அது நிறைந்ததும் ஒரு செம்பருத்தி. அதற்கப்புறம் இன்னொன்று. கதவுக்குள் இருந்த மழை முழுவதும் செடிகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

"சப்பாத்திக் கட்டைய எங்க எட்துகினு போனாலும் ஆபத்துதான்" என்றார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

திரும்ப ஏறி உட்கார்ந்து சாவியில் கையை வைத்தவர், முடுக்கவில்லை. "இத பாரு. எனக்கு இந்த ஒரு காதுதான் கீது, அதுவும் உன் பக்கம் கீது. தலைய ஆட்டாத. வாயத் தொறந்து சொல்லு."

சரி என்று தலையை ஆட்டப் போய், நிறுத்திக்கொண்டு, "சரிங்க" என்றேன்.

வண்டி ஏரியோரமாக நகர்ந்தது. கதவில் மிச்சம் இருந்த தண்ணீர் எங்களுக்குப் பின்னால் ரோட்டில் சொட்டிக்கொண்டே வந்திருக்கும். அவர் பாட்டு வைக்கவில்லை. வேகத்தடையில் ஏறி இறங்கினோம். சளப் இல்லை. இலைகள் அசைகிற சத்தம் மட்டும், பின்னாலிருந்து, மெல்ல.

"நேத்து கூட கனா வந்துது" என்றேன், கத்தாமல்.

"ஊடு மெதந்துச்சா?"

"இல்ல. இந்த வண்டி."

"யாரு ஓட்னது?" என்றார்.