நூல் காய்ந்த கேபிள்

1. காலை பத்து மணிக்கு அண்ணனின் தறிக்கூடத்துக் கணினியில் சேலை டிசைன்கள் திறக்கவில்லை.
2. அவற்றை வைத்திருந்த சர்வர், எதிரே எங்கள் வீட்டு மாடியறையில் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது.
3. இரண்டுக்கும் நடுவே, செல்லூர்ச் சந்துக்கு மேலாக நான் கட்டியிருந்த கேபிளைச் சோதித்தேன். டெஸ்டரில் கம்பிக்கு ஒன்றாக எரியவேண்டிய விளக்குகளில் மூன்றாவது எரியவில்லை.
4. இரு முனைகளிலும் பிளக்கை மாற்றினேன். அப்போதும் எரியவில்லை.

உள்ளே ஒரு கம்பி அறுந்திருக்கிறது. எங்கே என்று டெஸ்டர் சொல்லாது. அவ்வளவு நீளத்துக்கு வேறு கேபிளும் இல்லை. டிசைன்கள் சர்வரோடு இணைந்திருந்தால்தான் திறக்கும்; பென்டிரைவில் எடுத்துப்போக வழியில்லை. பன்னிரண்டு மணிக்கு வியாபாரி வருகிறார். டிசைனைக் காட்டாவிட்டால் ஆர்டர் அடுத்த தெருவுக்குப் போய்விடும்.

“இம்புட்டுப் படிச்சு ஒரு ஒயருகிட்ட தோத்துட்டியே” என்றான் அண்ணன்.

தறிக்கூடத்து மொட்டைமாடிக்கு வந்தேன். தறிக்கூடத்தில் நூல் சுற்றும் அக்கா, சாயம் தோய்த்த ஈர நூல்கற்றைகளை என் கேபிளில் வரிசையாகக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

“அக்கா, அது கம்ப்யூட்டர் ஒயரு!”

“கொடி சும்மா கெடக்குதேன்னு நாலு நாளாப் போடுறேன் பாப்பா.”

உள்ளே எங்கோ கம்பி அறுந்துவிட்டதைச் சொன்னதும் அவர் முகம் வாடியது. கற்றைகளை எடுத்துவிட்டு, நூலில் நைந்த இடம் தேடுவதுபோல, கேபிளை இரு விரல்களுக்கு நடுவே விட்டபடி மெல்ல நடந்தார். கைப்பிடிச் சுவரருகே நின்றார்.

“இங்கன உள்ள தொளதொளன்னு இருக்கு.”

வெட்டிப் பார்த்தேன். கம்பி அங்கேதான் அறுந்திருந்தது. ஒரு விரற்கடைகூடப் பிசகவில்லை. என் கருவியால் முடியாததை அந்த விரல்கள் செய்திருந்தன. இரு முனைகளையும் சேர்த்தேன். வியாபாரி வருவதற்குள் டிசைன் திறந்தது.

அந்த இணைப்பு இன்றும் வேலை செய்கிறது. நூல் காயத் தனிக் கொடி கட்டியிருக்கிறோம்.