படகுப் பதிவு இலக்கம்

சிப்பி எடுப்பதற்கான விண்ணப்பப் படிவத்தில் படகுப் பதிவு இலக்கத்தைக் கேட்டது சட்டமல்ல, மேலதிகாரியுமல்ல. நான்தான்! இதை இன்றுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை.

மன்னார்ப் பக்கத்துக் கரையொன்றில் சிப்பி அருகிப்போனதால் சில ஆண்டுகள் அதை எடுக்கத் தடை இருந்தது. மறுபடி பெருகியதும், அனுமதி பெற்றவர்கள் மட்டும் அளவோடு எடுக்கலாம் என்று தீர்மானமாயிற்று. படிவம் தயாரிக்கும் வேலை கொழும்பு அலுவலகத்தில் என்னிடம் வந்தது.

அன்று வெள்ளிக்கிழமை. தெஹிவளையில் ஒரு கலியாண வீட்டுக்குப் போகும் அவசரம்... இறால் பிடிக்கும் படகுகளுக்கான பழைய படிவத்தை எடுத்தேன். 'இறால்' என்றிருந்த இடமெல்லாம் 'சிப்பி' என்று மாற்றினேன். ஐந்தாவது கட்டத்தை வாசிக்கவேயில்லை. படகுப் பதிவு இலக்கம், கட்டாயம்!

அந்தக் கரையில் சிப்பி எடுப்பவர்களில் பலர் பெண்கள். கடல் வற்றும் நேரம் இடுப்பளவு நீரில் நடந்து, காலால் தடவிக் கையால் எடுப்பவர்கள். அவர்களுக்கு ஏது படகு?

எனக்கு இது தெரியாதா? தெரியும்! மக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டத்துக்கு அந்தக் கரைக்குப் போனபோது மரியபுஷ்பம் என்பவளின் வீட்டில்தான் மதியம் சாப்பிட்டேன். தடைக்காலம் முழுவதும் ஒரு சிப்பியைக்கூடத் தொடாதவள். களவாக எடுக்க வந்தவர்களைக் கரையில் நின்று ஏசித் துரத்தியவள். கருவாட்டுக் கொட்டிலில் கூலிக்கு மீன் வெட்டி மூன்று பிள்ளைகளுக்குச் சோறு போட்டவள்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதும் அவள் பஸ் ஏறிக் கொழும்புக்கு வந்தாள். கொட்டாஞ்சேனையில் தமக்கை வீட்டில் தங்கி, அங்கே இங்கே விசாரித்து, வெள்ளவத்தையில் என் ஃப்ளாட்டுக்கே வந்துவிட்டாள். கையில் ஒரு பை பனங்கிழங்கு வேறு!

"தங்கச்சி, நாலு வருசமா ஒண்டைக்கூடத் தொடேல்லை. இப்ப எடுக்கலாமெண்டு சொல்லிப்போட்டு, படகு இருக்கோ எண்டு கேக்கினம். ஆர் இதைப் போட்டது?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"அது மேலிடத்து முடிவு அக்கா. என்ரை கையிலை ஒண்டும் இல்லை."

"நீங்கள் ஒருக்கா அவையளோடை கதைக்க மாட்டியளோ?"

"ஓம், கதைக்கிறன்."

கதைக்கவில்லை. ஒரு வரியை நீக்கினால் போதும்! ஆனால் நீக்கப் போனால், போட்டது யார் என்று கேட்பார்கள். பதவி உயர்வு நேர்முகம் அடுத்த மாதம்... அவ்வளவுதான். அவள் போனபின் பனங்கிழங்கை வீட்டில் அவித்துச் சாப்பிட்டோம். நன்றாகவே இருந்தது.

தடை நீங்கிக் கடல் திறந்த நாளன்று கரையில் விழா! 'சிப்பியைக் காத்த மக்களுக்கு நன்றி' என்று பெரிய பதாகை. படகுக்காரர்களுக்கு மாலை. வெட்கமில்லாமல் நானும் கை தட்டினேன்.

இரண்டு வாரம் கழித்து மரியபுஷ்பத்தைப் பிடித்தார்கள். அனுமதியின்றிச் சிப்பி எடுத்தாளாம்! கூடையைப் பறித்து வழக்கும் போட்டார்கள். தடைக்காலத்தில் காவல் நின்றவள், கடல் திறந்த பிறகு கள்ளியாகிவிட்டாள்!

எத்தனை பேர் அந்தப் படிவத்தில் கையெழுத்திட்டார்கள்! ஒருவருக்குக்கூடக் கண் இல்லையா என்று பல்லைக் கடிக்கிறேன். அவர்கள் வாசிக்கவில்லை, சரி... எழுதிய நான் வாசித்தேனா?

பாவம், தெரியாமல் செய்த பிழை என்று நீங்கள் எனக்காக இரங்க வேண்டாம். இரங்கினால் எனக்குக் கோபம்தான் வரும். தெரியாமல் செய்தது அந்த வெள்ளிக்கிழமை மட்டும். அவள் என் வாசலில் வந்து நின்ற நாளிலிருந்து எல்லாமே தெரிந்துதான்!

பதவி உயர்வு கிடைத்தது. படிவங்களை இப்போது அங்கீகரிப்பவளே நான்தான். இந்தப் பருவத்துக்கானது நேற்று என் மேசைக்கு வந்தது. ஐந்தாவது கட்டம் அப்படியே இருந்தது. இம்முறை வாசித்தேன்... இரண்டு தரம் வாசித்தேன்.

கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.